2024–25 ஆண்டறிக்கை: சிறுவர் கார்ட்டூன் வகுப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம். மும்பை மாட்டுங்காவில் இயங்கும் நமது தமிழ்ச் சங்கம் இவ்வாண்டு நடத்திய பணிகளுள், ஞாயிறு காலை நடந்த சிறுவர் கார்ட்டூன் வகுப்பைப் பற்றியே உறுப்பினர்கள் அதிகம் கேட்டிருப்பதால், இவ்வறிக்கையை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே முன்வைப்பார்.

ஜூன் மாதத்தில் வகுப்பு தொடங்கியபோது பிள்ளைகள் ஒரே குரலில் கேட்டது மிக்கி மவுஸைத்தான். ஆசிரியரும் முதல் இரண்டு வாரங்கள் அதையே வரையச் செய்தார். தலைக்கு ஒரு பெரிய வட்டம், காதுகளுக்கு இரண்டு சிறிய வட்டங்கள். முகம் எந்தப் பக்கம் திரும்பினாலும் காதுகள் வட்டமாகவே இருக்கும் என்பதால் கற்றுக்கொள்வோருக்கு எளிது. ஆனால் மூன்றாம் வாரத்தில் எல்லாத் தாள்களும் அச்சடித்தாற்போல் ஒன்றாயிருந்ததைக் கண்ட ஆசிரியர், நம் ஊரிலேயே பிறந்த ஒருவரை வரையலாம் என்று கார்ட்டூன் ஓவியர் ஆர்.கே. லக்ஷ்மணின் படைப்பான 'சாமானிய மனிதரை'ப் பலகையில் வரைந்தார். "பிள்ளைகள் ஏன் கிழவரை வரைய வேண்டும்?" என்று சில பெற்றோர் கேட்டது செயற்குழு வரை வந்தது. 1951 முதல் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் இடம்பெற்ற இம்மனிதர் மும்பையின் முகவரிகளுள் ஒருவர் என்பதே எங்கள் பதில்.

படிகள் இவ்வாறு அமைந்தன. முதலில் மேற்புறம் அகன்ற முட்டை வடிவத் தலையை மெல்லிய பென்சில் கோட்டில் இட்டு, குறுக்கும் நெடுக்குமாக இரு கோடுகள் கிழிக்க வேண்டும். குறுக்குக் கோட்டில் வட்டக் கண்ணாடியும், அதற்குக் கீழே மூக்கும், மூக்கின் அடியில் மீசையும் அமையும். வழுக்கையைச் சுற்றிச் சில முடிகள் போதும். பலரும் தலை நிறைய முடி வரைந்துவிட்டு அழித்தார்கள். பின்னரே கட்டம் போட்ட கோட்டும் வேட்டியும். இந்தக் கட்டங்களுக்கு மட்டும் மூன்று ஞாயிறுகள் செலவாயின. நேர்க்கோடுகளாகக் கிழித்தால் கோட்டு கணக்கு நோட்டுத் தாளைப் போலத் தட்டையாகிவிடும் என்பதையும், வயிறு உப்பிய இடத்தில் கோடுகளும் அதனுடன் வளைய வேண்டும் என்பதையும், ஆசிரியர் ஒரு பானையின் மேல் துண்டைச் சுற்றிக் காட்டிய பிறகே பிள்ளைகள் புரிந்துகொண்டனர்.

லக்ஷ்மண் தொடக்கத்தில் வங்காளி, பஞ்சாபி, தமிழர் எனப் பலரையும் படத்தில் நிறுத்தி, பத்திரிகைக்கு நேரத்தில் முடித்துக் கொடுக்க வேண்டிய நெருக்கடியில் ஒவ்வொருவராகக் குறைத்து ஒருவரிடம் வந்து சேர்ந்தார் என்பதை ஆசிரியர் சொன்னபோது, கூடத்தின் பின்வரிசையில் இருந்த பெற்றோரும் கவனித்துக் கேட்டனர். மும்பையின் ஜே.ஜே. கலைப்பள்ளி லக்ஷ்மணைச் சேர்த்துக்கொள்ள மறுத்த செய்தி பிள்ளைகளுக்கு அளவில்லாத மகிழ்ச்சியைத் தந்தது.

அக்டோபரில் ஆசிரியர், இந்தப் படிகளை வரிசையாகக் காட்டும் படிமுறைத் தாள்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். எனக்கு அது கடுமையாகத்தான் பட்டது. இரு சிறுவர்கள் அழுதும் விட்டார்கள். ஆனால் வொர்லி கடற்கரைச் சாலையில் உள்ள சாமானிய மனிதரின் சிலை முன் அமர்ந்து, தாள் பறக்காமல் இருக்கச் செருப்பை மேலே வைத்துக்கொண்டு அவர்கள் வரைந்த படங்களில்தான், ஒரே மனிதர் ஒரு தாளில் திகைத்தவராகவும் இன்னொன்றில் தூக்கக் கலக்கத்தில் இருப்பவராகவும் முதன்முறையாக வேறுபட்டார். வாய் திறந்து பேசாத அந்த மனிதரின் புருவத்தை ஒரு நூலளவு உயர்த்தினால் முகமே மாறிவிடுகிறது. அடுத்த ஆண்டில் படிமுறைத் தாள்களை முதல் இரண்டு மாதங்களுக்கு மட்டுமே தர வேண்டும் என்று இதனால் பரிந்துரைக்கிறேன்.

மழைக்காலத்தில் கூடம் இருட்டாக இருப்பதால் இரண்டு விளக்குகளும், மை தீட்டப் பழக மெல்லிய தூரிகைகளும் தேவைப்படுகின்றன. ஊதியம் பெறாமல் கற்பித்த ஆசிரியர் தம் பெயரை அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், பெயர் குறிப்பிடாமலே சங்கத்தின் நன்றியைப் பதிவு செய்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்