மேடு ஏறாத புல்லு மெசின்

கலிடன், ஒன்ராறியோ
ஆடி மாதம்

அன்பின் அண்ணாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் அம்மாவும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். திருவிழாவுக்கு ஊருக்கு வரும் ஒருவரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்து விடுகிறேன். அம்மாவின் கண்ணுக்கு வேண்டிய காசைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஒப்பரேசனைத் தள்ளிப்போட வேண்டாம்.

புல்லு வெட்டுகிற வேலை என்றதும் நான் அரிவாளோடு குனிந்து நிற்பதாக அம்மா நினைக்கிறா. இது ஏறி இருந்து ஓட்டுகிற மெசின் என்று நீங்கள்தான் சொல்லி விளங்கப்படுத்த வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வரை சைக்கிள் மிதித்தாலும் மூச்சு வாங்க ஒரு ஏற்றம் இல்லை. இங்கே ஒரு வீட்டு வளவுக்குள்ளேயே ஏற்றமும் இறக்கமும்.

அப்படி ஒரு வளவில்தான் உங்களுக்குப் பிடித்த விசயம் நடந்தது. வீட்டுக்காரர் வயதானவர். அவருடைய மெசின் காலையில் மேட்டில் நன்றாக ஏறும். அரை மணித்தியாலம் ஓடிச் சூடேறியதும், அதே மேட்டில் பாதி வழியில் மிதியை முழுக்க அமத்தினாலும் நின்றுவிடும். சில நேரம் பின்னுக்கும் உருளும். ஒரு கராஜில் கியர்ப்பெட்டியையே மாற்றச் சொல்லிவிட்டார்கள். அந்தக் காசுக்குப் பழைய மெசின் ஒன்றே வாங்கலாம்.

வாட்டர் பம்ப் திருத்த வந்தால் நீங்கள் ஸ்பானரைத் தொட முதல் காதைக் கொடுப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன். மேட்டில் எஞ்சின் சத்தம் அமுங்கினால் கோளாறு பெற்றோலிலோ பிளக்கிலோ இருக்கும். இதில் சத்தம் அப்படியே இருக்க, சில்லு மட்டும் நின்றது. எஞ்சினுக்கும் சில்லுக்கும் நடுவில்தான் எங்கோ பலம் நழுவுகிறது.

இது நம்முடைய லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் மாதிரி இல்லை அண்ணா. எஞ்சினிலிருந்து ஒரு பெல்ற் பின்னால் இருக்கும் கியர்ப்பெட்டிக்குப் போகிறது. பெட்டிக்குள் ஒரு பம்ப் ஒயிலை அழுத்தித் தள்ள, அந்த அழுத்தத்தில் ஒரு மோட்டர் சுழன்று சில்லை உருட்டும். ஒயில் சூடேறி நீர்த்துப்போனால் உள்ளே இருக்கும் நுண்ணிய இடைவெளிகளால் கசிந்து அழுத்தம் விழுந்துவிடும். சமதரையில் தெரியாது. மேட்டில்தான் பிடிபடும்.

மெசினைக் கையால் தள்ளுவதற்கென்று, ஒயிலை மோட்டரைச் சுற்றிப் போக விடும் ஒரு பைபாஸ் லீவர் பின்பக்கம் உண்டு. அது அரைகுறையாக இழுபட்டிருந்தாலே பலம் போகும். அது சரியாகத்தான் இருந்தது. பெல்ற்றின் பக்கங்கள் தேய்ந்து மினுங்கின, அதை இறுக்கிப் பிடிக்கும் கப்பியின் ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தது. இரண்டையும் மாற்றினேன். இழுவை கூடியது, ஆனால் சூடேறியதும் பழையபடி.

அப்புறம் இருக்கைக்குக் கீழே டோர்ச் அடித்துப் பார்த்தேன். பெட்டிக்கு மேலே சுழலும் சின்னப் பிளாஸ்டிக் விசிறியில் இரண்டு இதழ் முறிந்திருந்தன. அதன் கீழே, சூட்டை வெளியே விடும் தகடுகளுக்கு நடுவில், காய்ந்த புல்லும் ஒயில் ஊறிய தூசியும் அடையடையாக இறுகிக் கிடந்தன. ஸ்குரூ டிரைவரால் கிண்டித்தான் எடுக்க முடிந்தது. காற்றே படாத பெட்டி எப்படி ஆறும்?

இந்தப் பெட்டிக்கு அடியில் ஒயில் வடிக்கத் துளை இல்லை. முழுக்கக் கழற்றிக் கவிழ்த்தேன். வந்த ஒயில் கறுத்து, கருகிய மணத்தோடு இருந்தது. கையேட்டில் சொன்னபடி 20டபிள்யூ-50 எஞ்சின் ஒயில் ஊற்றி, புது விசிறி போட்டேன். இனிப் பெட்டிக்குள் அகப்பட்ட காற்றை வெளியே எடுக்க வேண்டும், அதை விட்டால் புது ஒயிலாலும் பலனில்லை. முன் சில்லுக்கு அணை கொடுத்து, பின் சில்லுகளைத் தூக்கி ஸ்டாண்டில் இருத்தி, பைபாஸைத் திறந்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு மிதியை முன்னுக்கும் பின்னுக்கும் ஐந்தாறு தரம் அமத்திப் பிடிக்க வேண்டும். பிறகு பைபாஸை மூடி அதையே திரும்பவும் செய்ய வேண்டும். காற்று இருக்கும் மட்டும் பெட்டி முனகும்.

உள்ளே பம்ப் தேய்ந்திருந்தால் இதெல்லாம் வீண்தான். நல்ல காலம், தேயவில்லை. மத்தியான வெயிலில் நெடுநேரம் வெட்டிவிட்டு மேட்டில் விட்டேன், நிற்காமல் ஏறியது. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது அண்ணா. பக்கத்து வளவுக்காரரும் தன்னுடைய மெசினைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். உங்கள் கடையில் படித்த தொழில் இங்கேயும் சோறு போடும் என்று இப்போது நம்புகிறேன்.

அம்மா பயப்படுவா, அதனால் இதையும் சொல்லுங்கள்: சரிவில் நான் நேரே ஏறி நேரே இறங்குகிறேன், குறுக்கே ஓட்டுவதில்லை. 15 பாகைக்கு மேல் சரிவென்றால் இந்த மெசினை அங்கே கொண்டுபோவதே இல்லை.

நீங்கள் பட்டை இரும்பில் செய்த கப்பி கழற்றும் சாமான் இன்னும் இருக்கிறதா? அனுப்ப வேண்டாம், கனம். அளவுகளைக் குறித்து, படம் எடுத்து விடுங்கள். இங்கே ஒன்று செய்விக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி