உப்பு போட்டால் நத்தை ஒழியாது

ஆசிரியருக்கு,

பயிரைத் தின்னும் ஆப்பிரிக்க நத்தைகள் மீது உப்பைத் தூவச் சொல்லும் செய்தியைப் படித்தேன். தயவுசெய்து வேண்டாம். நத்தை சாகும், மண்ணும் கெடும், ஆனால் மண்ணுக்குள் நூற்றுக்கணக்கில் கிடக்கும் முட்டைகள் தப்பி, அடுத்த மழைக்குப் பொரித்துவிடும். எங்கள் தோப்பில் மாலையில் ஈரச் சாக்கின் அடியில் பப்பாளி இலையைப் போட்டு வைக்கிறோம். விடிந்து சாக்கைப் புரட்டினால் நகக்கண் அளவுக் குஞ்சுகள்கூட ஒட்டிக்கிடக்கும், கையுறை போட்டுத்தான் எடுக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மோப்ப நாய்களைக்கூட வைத்துத் தேடியும், 2011இல் தொடங்கிய நத்தை ஒழிப்பு வேலை 2021இல்தான் முடிந்தது, அப்புறம் 2022இல் வேறோர் இடத்தில் மீண்டும் தென்பட்டது. எனவே வேளாண் பல்கலைக்கழகம் சாக்குப் பொறியையும் நச்சுத் தீனியையும் தனித்தனித் தோட்டங்களில் வைத்து, ஆண்டு முழுக்க நத்தைகளை எண்ணிப் பார்த்து, எது பலன் தருகிறது என்று சொல்லட்டும்.