இந்த நோய் வந்தால் யாருக்குத்தான் கவலை வராது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, மாரடைப்பு என்று படுத்திருப்பவர் பேச்சைக் குறைத்துச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டால், "இந்த நோய் வந்தால் யாருக்குத்தான் கவலை வராது?" என்று சொல்லிவிட்டு மருத்துவர்களும் நர்ஸ்களும் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார்கள். பரிவோடு சொல்வதுதான். ஆனால் மனச்சோர்வுக்குச் சிகிச்சை கிடைக்காமல் போவது பெரும்பாலும் அந்தச் சொல்லில்தான். வலி அடங்கிய நேரத்தில் பேரக்குழந்தை வந்து நின்றால் முகம் மலர்கிறதா? மலர்ந்தால் பெரும்பாலும் அது இயல்பான துயரம். எதுவுமே மனதைத் தொடவில்லை, 'எல்லோருக்கும் பாரமாகிவிட்டேன்' என்ற நினைப்பு இரண்டு வாரமாக விடவில்லை என்றால் அது தனி நோய்.

பசியின்மையையும் அசதியையும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. கீமோவும் டயாலிசிஸுமே அவற்றைக் கொண்டுவரும். முதலில் அடையாளம் காண இரண்டு கேள்விகள் போதும். கடந்த 2 வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததா? இல்லை என்றால் 0, சில நாள் 1, பாதிக்கு மேற்பட்ட நாள் 2, ஏறக்குறைய தினமும் என்றால் 3. கூட்டினால் 3 அல்லது அதற்கு மேல் வருபவரிடம் விரிவாகப் பேச வேண்டும். உறவினர் கட்டிலைச் சுற்றி நிற்கும்போது கேட்டால் "நல்லா இருக்கேன்" என்றுதான் பதில் வரும். அவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து கேளுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்றும் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. ஆம் என்றால் அவரைத் தனியாக விடாமல் அன்றே மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மனச்சோர்வு போலவே தெரியும் இன்னொன்று டெலிரியம், அதாவது உடல் கோளாறால் திடீரென வரும் மனக்குழப்பம். அதில் ஓசையில்லாமல் வரும் வகைதான் அதிகம் தவறவிடப்படுவது. நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று மந்தமாகி, காலையில் ஒரு மாதிரியும் மாலையில் வேறு மாதிரியும் இருந்தால் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். 'சனி, வெள்ளி' என்று தொடங்கி வழி தவறினால், மனச்சோர்வு மாத்திரையை எழுதும் முன் கிருமித்தொற்று, சோடியம் அளவு, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, புதிதாகச் சேர்த்த மருந்து ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டும் மனநிலையைப் புரட்டிப்போடும். தினம் 40 மி.கி.யைத் தாண்டினால் அபாயம் கூடுகிறது.

மாத்திரைத் தேர்விலும் கவனம் வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் தமாக்சிஃபென், கல்லீரலில் ஒரு நொதியால் மாற்றப்பட்ட பிறகுதான் முழுமையாக வேலை செய்யும். மனச்சோர்வு மாத்திரைகளான பராக்ஸெடினும் ஃபுளுவாக்ஸெடினும் அந்த நொதியையே முடக்குகின்றன. ஆஸ்பிரினோடு இந்த வகை மாத்திரைகள் சேர்ந்தால் இரத்தக்கசிவு அபாயம் உயரும். முதியவர்களுக்குச் சோடியம் இறங்கலாம் என்பதால் தொடங்கிய சில வாரங்களுக்குள் இரத்தப் பரிசோதனை செய்வது நல்லது. குமட்டல் முதல் வாரத்திலேயே வந்துவிடும், பலனோ 2 முதல் 4 வாரம் கழித்துத்தான் தெரியும், சிலருக்கு 6 வாரமும் ஆகும். இதைச் சொல்லாமல் கொடுப்பதால்தான் பலர் பத்தே நாளில் நிறுத்திவிடுகிறார்கள்.

எல்லா மருத்துவமனையிலும் மனநல மருத்துவர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் புற்றுநோயோடு மனச்சோர்வும் உள்ள 500 பேரிடம் ஸ்காட்லாந்தில் நடந்து 2014இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். பயிற்சி பெற்ற புற்றுநோய் நர்ஸ்கள், மனநல மருத்துவரின் மேற்பார்வையில், சுமார் 4 மாதத்தில் அதிகபட்சம் 10 சந்திப்புகள் நடத்தினார்கள். 24 வாரம் கழித்து, சோர்வின் கடுமை பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் அந்தப் பிரிவில் 62 சதவீதம். வழக்கமான கவனிப்பில் வெறும் 17 சதவீதம்.

எனவே மருத்துவமனைகளை நாங்கள் கேட்பது இதுதான். அந்த இரண்டு கேள்விகளின் மதிப்பெண்ணைக் காய்ச்சல், இரத்த அழுத்தத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் மனநல மாத்திரையின் பெயர், அளவு, அடுத்து யாரை எந்தத் தேதியில் பார்க்க வேண்டும் என்பதையும் சேருங்கள். அந்தத் தேதி 2 வாரத்தைத் தாண்ட வேண்டாம்.

இப்படிக்கு,
மருத்துவமனை மனநலப் பணியாளர்கள் சிலர்