ஐந்து முறை வந்தும் தீராத கூலண்ட் கசிவு: புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர்,
தலைமை அலுவலகம்.

பொருள்: சேலம் சர்வீஸ் சென்டரில் ஐந்து முறை காட்டியும் கண்டுபிடிக்காத கூலண்ட் கசிவு, கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். தர்மபுரியில் இருந்து எழுதுகிறேன். உங்கள் கஸ்டமர் கேருக்கு எத்தனை முறை பேசினேன் என்ற கணக்கே விட்டுப்போயிற்று. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் எடுத்து முதலிலிருந்து சொல்லச் சொல்வார், முழுவதும் கேட்டுவிட்டு "சர்வீஸ் சென்டரில் இருந்து கூப்பிடுவாங்க சார்" என்று வைத்துவிடுவார். இன்றுவரை யாரும் கூப்பிடவில்லை. அதனால்தான் எழுத்தில் தருகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

என் கார் எந்த மாடல், எந்த எஞ்சின் என்பதெல்லாம் பதிவு எண்ணைத் தட்டினாலே உங்களுக்கு வந்துவிடும். வாங்கி 3 வருடம் 8 மாதம், 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கூடுதல் பணம் கட்டி வாரண்டியை 5 வருடத்துக்கு நீட்டித்திருக்கிறேன். எஞ்சினைச் சூடேறாமல் காக்கும் கூலண்ட் திரவத்தின் அளவு டேங்கில் வாராவாரம் ஒரு விரற்கடை இறங்கிக்கொண்டே வந்தது. பிரச்சினை இவ்வளவுதான்.

முதல் தடவை போனபோது 650 ரூபாய்க்குக் கூலண்ட் ஊற்றி, "ஆவியாகும் சார், நார்மல்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். மூடி போட்டு அழுத்தத்தில் ஓடுகிற சிஸ்டத்தில் வாரம் ஒரு விரற்கடை எப்படி ஆவியாகும்? உங்கள் எஞ்சினைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாவது தடவை மூடியையும் ஒரு ஹோஸ் கிளாம்பையும் மாற்றி 1,150 ரூபாய் வாங்கினார்கள். மூன்றாவது தடவை ரேடியேட்டரே மாற்றினார்கள், 13,200 ரூபாய். வாரண்டி என்ன ஆயிற்று என்று கேட்டால், வெளியே கல் பட்டிருக்கலாம், கவர் ஆகாது என்றார்கள். எந்தக் கல், எங்கே பட்டது என்று யாரும் காட்டவில்லை. பழைய ரேடியேட்டரையும் என் கண்ணில் காட்டவில்லை.

அந்த ரேடியேட்டர் மாற்றிய அன்று சாயங்காலம் என்ன நடந்தது தெரியுமா? 71 வயது அம்மாவைச் சேலத்தில் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பினேன். தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. லாரிகள் உரசிக்கொண்டு போகிற அந்த ரோட்டோரத்தில், சூடு ஆறாமல் மூடியைத் திறந்தால் கொதிக்கிற தண்ணீர் முகத்தில் அடிக்கும் என்பதால், கண்ணில் மருந்து விட்டிருந்த அம்மாவோடு முக்கால் மணி நேரம் நின்றேன். கையில் இருந்த இரண்டு பாட்டில் குடிதண்ணீரை ஊற்றி, ஏசி போடாமல் ஊர் வந்து சேர்ந்தோம். அன்று ஏதாவது ஆகியிருந்தால் யார் பதில் சொல்லியிருப்பீர்கள்?

அந்தத் தண்ணீரைத்தான் நான்காவது தடவை குற்றமாக்கினார் உங்கள் சர்வீஸ் அட்வைசர். அவர் பெயரை இங்கே எழுதவில்லை, ஜாப் கார்டில் இருக்கிறது. செல்போனில் இருந்து தலையைத் தூக்காமலே, "போர்வெல் தண்ணிய ஊத்தி ஓட்டுனா இப்படித்தான் ஆகும். ஓட்டத் தெரிஞ்சவங்க யாரும் இதுக்கு வந்து நிக்கறதில்ல" என்று பத்து பேர் முன்னால் சொல்லி, சாவியை மேஜையில் தள்ளிவிட்டார். 22 வருடமாகக் கார் ஓட்டுகிறேன். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா, "நீ என்னடா தப்பு பண்ண?" என்று என்னைக் கேட்டார். பணம் போனதைக்கூட மறந்துவிடலாம். அந்தக் கேள்வியை மறக்க முடியவில்லை. அந்த அட்வைசர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மன்னிக்கவும், ஐந்தாவது தடவையை விட்டுவிட்டேன். அன்று, "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், எஞ்சினைப் பிரிக்கணும், 42,000 ஆகும்" என்றார்கள். எஞ்சினுக்குள் கூலண்ட் கசியாமல் அடைக்கிற அந்தக் கேஸ்கெட் போனால் சைலன்சரில் வெள்ளைப் புகை வரும், ஆயில் பால் கலந்த காபி மாதிரி ஆகும், டேங்கில் குமிழி வரும். இதில் எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. ஆயில் டிப்ஸ்டிக்கைக்கூட உருவிப் பார்க்கவில்லை. நான் வீட்டில் பார்த்தேன், ஆயில் சுத்தமாக இருந்தது.

சரி, கடைசியில் யார் கண்டுபிடித்தது? எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்ன பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக். ராத்திரி வண்டியை விட்டுப்போகச் சொன்னார். காலையில் எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது, மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்பைப் பொருத்தி 15 பிஎஸ்ஐ வரை காற்று ஏற்றினார். பத்து நிமிடத்தில் அழுத்தம் காட்டும் முள் 10-க்கு இறங்கியது. டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துக் காட்டினார். வாட்டர் பம்பின் அடியில் உள்ள சின்ன ஓட்டையில் இருந்து இளஞ்சிவப்பாகச் சொட்டியது, அதன் கீழே காய்ந்த கறை ஒரு கோடாக இறங்கியிருந்தது. உள்ளே சீல் போனால் வெளியே தெரியட்டும் என்றுதானே உங்கள் ஆட்களே அந்த ஓட்டையை வைத்திருக்கிறார்கள்! ஓடும்போது சொட்டுவது எஞ்சின் சூட்டிலேயே காய்ந்துவிடும், அதனால்தான் தரையில் ஈரம் இல்லை என்று அவர் விளக்கினார். ஐந்து தடவையில் ஒரு தடவையாவது இந்த பிரஷர் டெஸ்ட்டை உங்கள் சென்டரில் செய்திருந்தால் அரை மணி நேர வேலை. புது பம்ப், கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய். மூன்று வாரமாக டேங்கில் அளவு ஒரு நூல்கூட இறங்கவில்லை.

உங்களிடம் கட்டியது 15,000. பட்டறையில் 6,400. ஒரு நடைக்குப் போக வர 130 கிலோமீட்டர், அந்தப் பெட்ரோல், டோல், ஐந்து நாள் லீவு, அம்மாவின் தள்ளிப்போன ஆபரேஷன், நான்கு மாதத் தூக்கம். எல்லாம் சேர்த்தால் ஒரு லட்சத்துக்குக் குறையாது. நான் கேட்பது 21,400 ரூபாயும், அந்த மன்னிப்பும் மட்டும்தான்.

உங்கள் கம்பெனி மேல் இன்னும் மதிப்பு இருக்கிறது, இதைப் பேசியே முடித்துக்கொள்ளத்தான் விரும்புகிறேன். ஆனால் 15 நாளில் எழுத்தில் பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ம் வருடச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நீங்கள்தான் இங்கே வர வேண்டியிருக்கும்.

பில்கள், ஜாப் கார்டுகள், முள் இறங்கிய வீடியோ எல்லாம் இருக்கின்றன. வெளியே வேலை பார்த்ததால் வாரண்டி செல்லாது என்று மட்டும் சொல்லாதீர்கள், ஐந்து முறை உங்களிடம்தான் வந்தேன். பழைய வாட்டர் பம்பைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். யாரையாவது அனுப்பினால் காட்டுகிறேன். அதைத் தூக்கிக்கொண்டு சேலத்துக்கு வரச் சொல்லி மட்டும் கூப்பிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
தர்மபுரி.