கழுவும் கைகளுக்கும் காப்பு தேவை

ஆசிரியருக்கு,

மே 5, உலகக் கை சுகாதார தினத்தையொட்டி வெளியான தங்கள் தலையங்கம், செவிலியர்கள் அடிக்கடி சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும் என வலியுறுத்தியது சரியே. ஆனால், சிறுவயதில் அடோபிக் டெர்மடைடிஸ் என்னும் கரப்பான் (தோல் வறண்டு அரிக்கும் நோய்) வந்து ஆறியவர்களுக்கு, வளர்ந்தபின் ஓயாமல் கையை நனைக்கும் பணியில் சேர்ந்ததும் அது கைகளில் மீண்டும் தலைகாட்டக்கூடும் என்பதைத் தலையங்கம் கண்டுகொள்ளவில்லை. இயல்பிலேயே வலுவற்ற அவர்களது தோலின் கொழுப்புப் படலத்தைச் சோப்பு மேலும் கரைத்துவிடுகிறது. கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரியாதபோது, உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் கிளிசரின் கலந்த ஆல்கஹால் திரவமே பொதுவாகத் தோலை அவ்வளவாகக் கெடுக்காதது.

நான் பணியாற்றிய மருத்துவமனையில், விரல் மடிப்புகளில் வெடிப்பு கண்ட செவிலியர்கள், அத்திரவம் சுரீரென எரிவதால் அதுதான் புண்ணாக்குகிறது என்றெண்ணிச் சோப்புக்கே திரும்பியதையும், ஈரம் உலராத கையில் கையுறையை மாட்டியதையும் (அவசரத்தில் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்!) பார்த்திருக்கிறேன். எனவே, கைகழுவும் தொட்டிதோறும் சோப்போடு மணமற்ற ஈரப்பதக் களிம்பையும் மருத்துவமனைகள் வைக்க வேண்டும். பணியில் சேர்வோரிடம் சிறுவயதுக் கரப்பான் பற்றிக் கேட்டறிந்து, அதைக் காரணம் காட்டி வேலை மறுக்காமல், கை வெடிக்கும் முன்பே தோல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

– ஓய்வுபெற்ற செவிலியர், திருச்சி