கார்ஃப் கோட்டையும் டைன்ஹாம் கிராமமும்

பூல், டார்செட், இங்கிலாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே மூவரும் நலம். அம்மாவின் முட்டிவலிக்குப் புது மருந்து ஒத்துக்கொள்கிறதா? போனில் கேட்டால் "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். நீங்கள்தான் உள்ளதை எழுத வேண்டும்.

போன வாரம் எனக்கு சனி, ஞாயிறு சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது. அவரும் நானும் நிலாவைக் கூட்டிக்கொண்டு கார்ஃப் கோட்டைக்குப் போனோம். காலமெல்லாம் கொத்தனார் கரண்டி பிடித்த உங்களுக்குத்தான் இதை எழுத வேண்டும் என்று அங்கேயே நினைத்துக்கொண்டேன்.

பர்பெக் குன்றுத்தொடரில் ஓரிடத்தில் இடைவெளி விழுந்திருக்கிறது. அதில் தனியாக நிற்கும் குன்றின் மேல் இருக்கிறது கோட்டை. இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னன் காலத்தில் தொடங்கியது. உச்சியில் உள்ள பெரிய கோபுரம் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவன் மகன் முதலாம் ஹென்றிக்காகக் கட்டியது. எல்லாம் அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல். சுவரின் இரு முகத்திலும் செதுக்கிய கல், நடுவே உடைகல்லும் சுண்ணாம்புக் காரையும் கொட்டி நிரப்பியது. பிளந்த இடங்களில் இது கண்ணுக்குத் தெரிகிறது. மேற்குப் பக்கத்தில் ஒரு பழைய சுவரில் கற்களை ஒரு வரிசை இடப்பக்கம், அடுத்த வரிசை வலப்பக்கம் என்று சாய்த்துச் சாய்த்து மீன் முள் போல அடுக்கியிருக்கிறார்கள். நான் அதன் முன்னால் நின்றதைப் பார்த்து நிலா, "தாத்தாகிட்ட காட்டணுமா?" என்று கேட்டாள். படம் எடுத்திருக்கிறேன், தம்பி போனில் காட்டச் சொல்லுங்கள்.

இந்தக் கோட்டை மழையிலும் வயதிலும் விழுந்ததல்ல, அப்பா. வேண்டுமென்றே உடைத்தது. 1640களில் அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்தது. கோட்டைக்குச் சொந்தக்காரரான நீதிபதி ஜான் பேங்க்ஸ் அரசன் பக்கம். 1643இல் அவர் ஊரில் இல்லாதபோது பாராளுமன்றப் படை வந்து வளைத்துக்கொண்டது. அவர் மனைவி மேரி, பிள்ளை குட்டிகளோடும் வேலைக்காரப் பெண்களோடும் கொஞ்சம் வீரர்களோடும் உள்ளே இருந்து தாக்குப்பிடித்தாள். ஏணி வைத்து ஏறியவர்கள் மேல் கல்லையும் தணலையும் கொட்டினார்கள் பெண்கள். ஆறு வாரம் கழித்துப் படை திரும்பிப் போய்விட்டது.

மறுமுறை வளைத்தபோது கோட்டை சண்டையில் விழவில்லை. உள்ளே இருந்த அதிகாரி ஒருவனே உதவிக்கு ஆள் கூட்டி வருவதாகச் சொல்லி எதிரிப் படையை உள்ளே விட்டுவிட்டான். இது 1646இல். மேரியின் துணிச்சலை மதித்துக் கோட்டைச் சாவிகளை அவளிடமே கொடுத்தார்களாம். அந்தச் சாவிகள் அந்தக் குடும்பம் பின்னால் கட்டிய கிங்ஸ்டன் லேசி மாளிகையில் இன்றும் தொங்குகின்றன. சாவி மட்டும்தான் மிஞ்சியது. கோட்டையைத் தகர்க்கப் பாராளுமன்றம் உத்தரவு போட்டது. அடித்தளத்தைக் குடைந்து வெடிமருந்து வைத்தார்கள்.

இதில் எனக்கு வியப்பு, வெடித்தும் அது முழுசாக விழாததுதான். மேலே ஏறும் வழியில் ஒரு வாசல் இருக்கிறது. அதன் ஒருபக்கக் கோபுரம் அப்படியே சரிவில் வழுக்கி இறங்கியிருக்கிறது, ஆனால் உதிரவில்லை. வளைவின் ஒரு பாதி மேலே, மறுபாதி கீழே. இத்தனை வருடமாக அந்தக் காரை அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. யார் பெயரும் தெரியாத கொத்தனார்களின் வேலை. அங்கே வந்தவர்கள் எல்லாரும் அரசர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கலவையைக் குழைத்த கைகள்தான் பெரிதாகத் தெரிந்தன.

விழுந்த கல்லை ஊர்க்காரர்கள் எடுத்துப்போய் வீடு கட்டிக்கொண்டார்கள். கீழே உள்ள கிராமத்தில் சுவர் மட்டுமல்ல, கூரையும் கல் ஓடுதான். உடைபடுவதற்கு முன் கோட்டை எப்படி இருந்தது என்று இருபதில் ஒரு பங்கு அளவில் ஒரு மாதிரி ஊரும் கட்டி வைத்திருக்கிறார்கள். நிலா அங்கிருந்து நகர மறுத்தாள். அப்புறம் நீராவி ரயிலில் ஸ்வானேஜ் கடற்கரைக்குப் போனோம். 1972இல் மூடித் தண்டவாளத்தையே பெயர்த்துவிட்ட பாதை அது. ஊர் மக்கள் சம்பளம் வாங்காமல் உழைத்து மறுபடி போட்டிருக்கிறார்கள். எங்கள் டிக்கெட்டைச் சரிபார்த்த பெரியவரும் அப்படி வருகிறவர்தான்.

ஞாயிறன்று டைன்ஹாமுக்குப் போனோம். அதைப் பற்றி எழுதக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. கடலோரத்தில் ஒரு சின்ன கிராமம். 1943 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு, பீரங்கிப் பயிற்சிக்கு இடம் வேண்டும் என்று ராணுவம் எல்லாரையும் காலிசெய்யச் சொன்னது. தலைமுறை தலைமுறையாக இருந்த வீடுகளை விட்டுப் போகிறோம், கோவிலையும் வீடுகளையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருநாள் திரும்பி வருவோம் என்று தேவாலயக் கதவில் ஒரு சீட்டு குத்திவிட்டுப் போனார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தும் ராணுவம் இடத்தைத் திருப்பித் தரவில்லை. இன்றும் அது பயிற்சிக்களம்தான். பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான் உள்ளே விடுகிறார்கள். வீடுகளுக்குக் கூரை இல்லை. பள்ளிக்கூடத்தைப் பழையபடி வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் கோட்டு மாட்டும் கொக்கிகளில் பெயர் எழுதி.

திரும்பி வருவேன் என்றுதான் நானும் சொல்லிவிட்டு வந்தேன். காரில் வரும்போது அவரிடம்கூட அதிகம் பேசவில்லை. நீங்கள் கட்டிய நம் வீட்டின் பின்பக்கச் சுவரில் ஈரம் ஏறுகிறது என்று தம்பி சொன்னான். அதை இந்த மழைக்கு முன்பே பூசிவிடுங்கள், பணம் அனுப்புகிறேன். நீங்கள் சாரத்தில் ஏற வேண்டாம். ஆள் வைத்துச் செய்யுங்கள்.

கோடையில் நீங்கள் இருவரும் வரும்போது முதலில் கார்ஃபுக்குத்தான் கூட்டிப்போவேன். குன்று ஏற்றம் அம்மாவுக்கு முடியாது. அவளும் நிலாவும் கீழே டீக்கடையில் இருக்கட்டும். நாம் இருவரும் மெதுவாக ஏறலாம். அந்தக் கோபுரம் ஏன் உதிராமல் இறங்கியது என்று நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். விசாவுக்கு ஆறு மாத பேங்க் கணக்கு விவரம் எடுத்து வையுங்கள். அம்மாவின் பாஸ்போர்ட் எப்போது காலாவதி ஆகிறது என்று பார்த்துத் தம்பியிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
கலா