ஹப்பில் புதுத் துளை போடும் லேத் பட்டறை அண்ணன்மாருக்கு

கோவையில் லேத் ஓட்டும் அண்ணன்மாருக்கும், அலாய் வீல் விற்கும் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

நான் கார்களுக்கு சஸ்பென்ஷன் வேலை பார்க்கிறவன். போன மாதம் ஒரு ஸ்விஃப்ட் வந்தது. “எண்பதைத் தாண்டினா முன்னாடி ஊன்னு சத்தம் வருதுங்கண்ணா” என்றார் வண்டிக்காரத் தம்பி. வீலைக் கழற்றினேன். வீலைப் போல்ட் போட்டு மாட்டுகிற, வீலோடு சுற்றும் நடுப்பாகம்தான் ஹப். நான்கு துளை இருக்க வேண்டிய அந்த ஹப்பில் எட்டு இருந்தது. பழைய நான்கையும் வெல்டு வைத்து அடைத்து, கிரைண்டரில் தேய்த்து, இடையிடையே புதிதாக நான்கு போட்டிருந்தார்கள். புதுத் துளைக்கு வெளியே மிஞ்சியிருந்த இரும்பு என் சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை. ஒரு துளையிலிருந்து விளிம்பு வரை மயிரிழைபோல ஒரு கோடு. டீசல் துணியால் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. விரிசல்தான்.

அதற்கு முந்தின வாரம் அந்தத் தம்பி வீட்டாரோடு வால்பாறை போய் வந்திருக்கிறார். நாற்பது கொண்டை ஊசி வளைவு. கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

விஷயம் இவ்வளவுதான்: தம்பிக்குப் பழைய அலாய் செட் ஒன்று மலிவாகக் கிடைத்திருக்கிறது. பிசிடி என்பது எல்லாப் போல்ட்டுகளின் நடுவழியே போகும் வட்டத்தின் விட்டம். அந்த ஸ்விஃப்ட்டின் பிசிடி 100, அதாவது எதிரெதிர் போல்ட்டுகளின் நடுவுக்கு நடு 100 மில்லிமீட்டர். வாங்கிய வீலோ 114.3, பழைய நாலரை அங்குலக் கணக்கு. வீலைத் திருப்பிக் கொடுக்காமல் ஹப்பைக் கழற்றிக்கொண்டு பட்டறைக்குப் போயிருக்கிறார்கள்.

அண்ணா, துளை போட்டவரைக் குறை சொல்ல மாட்டேன். அளந்து பார்த்தேன், நான்கும் அச்சாக 114.3-ல் இருந்தன. கைகாரர்தான் போட்டிருக்கிறார். ஆனால் ஹப் சாதா எம்.எஸ். (மிருதுவான இரும்பு) தட்டு இல்லை. கார்பன் கூடுதலாக உள்ள எஃகை ஃபோர்ஜிங் செய்து, அதாவது சூடாக்கி அடித்து வடிவாக்கி, பேரிங் உட்காரும் இடத்தைக் கடினமாக்கிச் செய்தது. அதில் அப்படியே வெல்டு வைத்தால் சுற்றியுள்ள இரும்பு கண்ணாடிபோல் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். பேரிங் மாட்டியிருக்கும்போதே வைத்தால் கிரீஸும் சீலும் வெந்துபோகும். அந்த ஊன்னு சத்தம் அப்படி வந்ததுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வண்டியின் பாரத்தைப் போல்ட் தாங்குகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நட்டை முறையாக முறுக்கும்போது போல்ட் இழுபட்டு, வீலை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. அந்தப் பிடியில் உண்டாகும் உராய்வுதான் பாரத்தையும் பிரேக்கையும் தாங்குகிறது. ஹப்பின் முகம் வெல்டு சூட்டில் கொஞ்சம் வளைந்தாலும், கிரைண்டர் ஒரு இடத்தில் ஆழமாகத் தின்றிருந்தாலும் பிடி தளரும். அப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் போல்ட் வளைந்து வளைந்து நிமிரும். கம்பியை இரண்டு பக்கமும் மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதேதான்.

கடைக்காரர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. 112 பிசிடி ஹப்பில் 114.3 வீலை “கொஞ்சம் இறுக்குனா உக்காந்துரும்” என்று மாட்டுகிறீர்களே, அது எங்கே உட்காருகிறது? ஐந்து துளை வீலில் பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் நடுவுக்கு நடு, 112-க்கு 65.8, 114.3-க்கு 67.2. ஒன்றரை மில்லிகூட இல்லை, கண்ணுக்குத் தெரியாதுதான். ஆனால் நட்டின் கோன், அதாவது கூம்பு முனை, துளையின் ஒரு ஓரத்தில் மட்டும் கடித்துக்கொண்டு நிற்கும். வெர்னியர் வைத்து அளந்து 0.588-ஆல் வகுத்தால் பிசிடி வந்துவிடும். ஒரு நிமிட வேலை.

ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைத்து வேறு பிசிடி வீலை மாட்டுகிற தட்டு, அடாப்டர், இருக்கிறதே என்பீர்கள். நல்ல ஃபோர்ஜிங்கில், ஹப்பின் நடு வளையத்தில் பொருந்தி உட்காருகிற அடாப்டர் துளை போடுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அது வீலை 20, 25 மில்லிமீட்டர் வெளியே தள்ளும். பேரிங்குக்குச் சுமை கூடும், டயர் ஃபெண்டரில் (மட்கார்டில்) உரசும். இதையும் சொல்லித்தான் விற்க வேண்டும்.

பிசிடி ஆர்.சி.யில் எழுதியிருப்பதில்லை. வீலை மாட்டி மூடியும் போட்டுவிட்டால் ஹப்பில் போட்ட துளையை சாலையில் நிறுத்துகிற யாரும் பார்க்கப் போவதில்லை. பார்க்கிற கடைசி ஆள் நீங்கள்தான்.

அதனால் கேட்கிறேன். ஹப்பைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால், எத்தனை ரூபாய் கொடுத்தாலும், துளை போட மாட்டேன் என்று சொல்லுங்கள். வீலை விற்றுவிட்டுச் சரியான பிசிடியில் வாங்கச் சொல்லுங்கள். அவர் நம்பவில்லை என்றால் என் பட்டறைக்கு அனுப்புங்கள். அந்த ஸ்விஃப்ட்டின் ஹப்பை வாசலில் ஆணி அடித்து மாட்டி வைத்திருக்கிறேன். விரிசலைச் சுற்றிச் சிவப்புப் பெயிண்டில் வட்டம் போட்டிருக்கிறேன், தேட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு சஸ்பென்ஷன் மெக்கானிக்